மண்குழுவும் மழைக்குழுவும்

முதல் நாள் காலை வந்திருந்தவர்கள்: நிலநலப் பேரியக்ககத்தின் இயக்குநர், அவர் உட்காரக் கூடவே வந்த நாற்காலி. விசில் மாட்டிய களப்பயிற்சியாளர் ஒருவர். வருகைப் பதிவேட்டுடன் எழுத்தர் ஒருவர். புகைப்படக்காரர் ஒருவர். பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரர். தீயணைப்பு வண்டி ஒன்று, அதில் நான்கு பேர். சாலை போடும் ரோலர் ஒன்று, அதை ஓட்டுவதற்கு மேட்டுக்காரனின் மச்சான். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் நாற்பத்திரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் பதிவேட்டில் போட்டார்கள், தெரியாதவர்களுக்கு எழுத்தரே போட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரனான மேட்டுக்காரன். அவன் மனைவி. வராதவர்கள் யாரும் இல்லை. வராமல் இருப்பதற்கு அனுமதி இல்லை என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தது.

மேட்டுக்காரன் என்ற பெயர் அவனுக்கு நிலத்தால் வந்தது. நான்கு ஏக்கரும் சரிவில் கிடந்தன. பதினோரு வருடத்துக்கு முன் அவன் அதை வாங்கியபோது, மழை பெய்தால் மண் ஓடும், வெயில் அடித்தால் தரை வெடிக்கும். அவனும் மனைவியும் சரிவுக்குக் குறுக்கே மூன்று வரப்புகள் போட்டார்கள். மேல் வரப்பு, நடு வரப்பு, கீழ் வரப்பு. ஒவ்வொன்றும் இடுப்பளவு. அவற்றுக்கு நடுவே வைக்கோலும் சருகும் சாணமும் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். இருவருக்கும் அந்தப் பதினோரு வருடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி வேறெதுவும் நடக்கவில்லை. இப்போது அங்கே ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு மண் இருந்தது. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும்.

தப்பு அவனுடையதுதான். இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் களப்பயிற்சியாளர் இரும்புக் குழாயோடு வந்து ஊரில் உள்ள நிலங்களையெல்லாம் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். மேட்டுக்காரன் மட்டும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"இங்க வேணாம் சார், அந்த மூலையில குத்துங்க. இன்னும் நல்லாருக்கும்."

பயிற்சியாளர் குத்தினார். குழாயிலிருந்து வந்த மண்ணைப் பார்த்து அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. தங்கள் நிலம் சுற்றுவட்டாரத்திலேயே மிகச் சிறந்த நிலமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நிலையான நில மேலாண்மை குறித்த மூன்று நாள் செயல்முறைக் கற்றல் அங்கே நடைபெறும். மேட்டுக்காரன் அந்தக் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினான்.

"நல்ல நிலத்துக்கு எதுக்குங்க பயிற்சி?" என்று மனைவி கேட்டாள்.

"பயிற்சி நிலத்துக்கு இல்லம்மா, ஜனங்களுக்கு. நம்மளப் பாத்துக் கத்துக்க வர்றாங்க."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து பேசத் தொடங்கினார்.

"விவசாயப் பெருமக்களே. நான் முப்பது வருடமாக மண்ணைக் காப்பாற்றி வருகிறேன். இந்த முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட என் செருப்பில் மண் பட்டதில்லை. அந்த அளவுக்கு அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் நாங்கள் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். சொன்னால் மறந்துவிடுகிறீர்கள். பிறகு படம் காட்டினோம். தூங்கிவிட்டீர்கள். இப்போது செய்து காட்டுகிறோம். மண் எப்படிக் கெடுகிறது என்று கண்ணால் பார்த்தவன்தான் மண்ணைக் காப்பாற்றுவான். அதைப் பார்ப்பதற்கு நல்ல மண் வேண்டும். கெட்ட மண்ணைக் கெடுத்தால் யாருக்கு என்ன தெரியும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். மேட்டுக்காரனும் தட்டினான். நான்காவது தட்டில் அவன் கை நின்றது.

பக்கத்தில் பள்ளத்துக்காரர் நின்றிருந்தார். மேட்டுக்காரன் நிலத்துக்கு நேர் கீழே அவர் நிலம். மேலிருந்து வரும் தண்ணீரைப் பற்றிய தகராறில் இரண்டு பேருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கு அவர் தாமாகப் பேசினார்.

"போன வருஷம் என்னோடதுல நடத்துனாங்க, நீதான் எட்டிக்கூடப் பாக்கல. அதுக்கு முந்தி அந்தக் கோடி நிலம். அதுக்கும் முந்தி ஆத்தோரத்து ஆளுது. அஞ்சு வருஷமா ஊர்ல நல்ல நிலமாத் தேடித் தேடித்தான் வர்றாங்க. உன்னோடதுதான் பாக்கி இருந்துச்சு."

"முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"நீ எங்க கேட்ட? கடுதாசிய மூஞ்சிக்கு நேரா ஆட்டிக்கிட்டுல்ல போன."

பயிற்சியாளர் விசில் ஊதினார். பாடம் ஒன்று, நீரால் மண் அரிப்பு. தீயணைப்பு வண்டிக்காரர்கள் குழாயைப் பிரித்தார்கள். விவசாயிகள் கீழ் வரப்புக்கு அருகே வரிசையாக நிற்கவைக்கப்பட்டார்கள். அரிப்பை அருகிலிருந்து பார்க்க வேண்டுமாம். குழாய் திறந்ததும் தண்ணீர் வரப்பை அடிப்பதற்கு முன் வரிசையை அடித்தது. முன்னால் நின்ற இரண்டு பேர் காற்றில் எழும்பி, ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். கீழே கிடந்தவரின் தோள்பட்டை எலும்பு சுள்ளி ஒடிவதுபோல் ஒடிந்தது எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு குழாயை வரப்பின் மேல் திருப்பினார்கள். வரப்பு ஐந்து நிமிடம் நின்றது. ஆறாவது நிமிடத்தில் நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. ஓட்டை வாயாயிற்று, வாய் வாசலாயிற்று, கறுப்பு மண் கூழாகக் கீழே பள்ளத்துக்காரர் நிலத்துக்குள் இறங்கியது.

பள்ளத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம் நிலத்துக்குப் போய், வரும் மண்ணைக் காலால் ஒதுக்கிச் சமப்படுத்தத் தொடங்கினார்.

பயிற்சியாளர் கண்ணாடி ஜாடியில் கலங்கல் தண்ணீரைப் பிடித்து வெயிலில் காட்டினார். "எவ்வளவு அழகா தெரியுது பாருங்க. சாதாரண நிலமா இருந்தா இந்த நிறம் வராது."

எழுத்தர் தோள்பட்டை ஒடிந்தவரிடம் போய்ப் பதிவேட்டை நீட்டினார். "மத்தியான வகுப்புக்கு இருப்பீங்கல்ல?"

"கைய தூக்க முடியலைங்க."

"இடது கையால போடுங்க. பங்கேற்பு, முழுமை."

மத்தியானம் கூட்டுக் கற்றல் நடந்தது. வயது வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டால் கற்பதில்லை, உடம்பால் கற்கிறார்கள் என்று இயக்குநர் எங்கோ படித்திருந்தார். விவசாயிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி மண்குழு, மறுபாதி மழைக்குழு. மண்குழு நெருக்கமாகத் தரையில் குந்த வேண்டும். மழைக்குழுவுக்கு ஆளுக்கொரு கம்பு கொடுக்கப்பட்டது. எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன், ஒவ்வொன்றிலும் இயக்ககத்தின் முத்திரை. மழைக்குழு மண்குழுவை அடிக்க வேண்டும். ஒரு விசில் தூறல். இரண்டு விசில் நடுத்தர மழை. மூன்று விசில் கனமழை.

"விதிமுறை ரெண்டே ரெண்டு" என்றார் பயிற்சியாளர். "மண் கத்தாது. மண் திருப்பி அடிக்காது."

மண்குழுவில் பாதிப் பேர் மேல் வைக்கோல் போட்டு மூடினார்கள். அது மூடாக்கு. மீதிப் பேர் வெற்றுமண். நிலம் கொடுத்தவன் என்ற மரியாதைக்காக மேட்டுக்காரனை வெற்றுமண்ணில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவன் மனைவியைக் குலுக்கலில் மழைக்குழுவில் போட்டிருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் பள்ளத்துக்காரர் கம்பைக் கைக்குக் கை மாற்றி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

தூறல் சாதுவாகத்தான் பெய்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார்கள். மேட்டுக்காரனின் மனைவி மூன்று அடி அடித்தாள். முதல் அடி பயிற்சிக்கு. இரண்டாவது அடி கடிதத்தை வீடு வீடாகக் காட்டியதற்கு. மூன்றாவது எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

இரண்டாவது விசிலில் சிரிப்பு நின்றது. ஊருக்குள் பாகப்பிரிவினை நடந்த குடும்பங்கள் இருந்தன. உடைந்த கல்யாணப் பேச்சுகள் இருந்தன. வாய்க்காலை மடை மாற்றியவர்களும், மாற்றவில்லை என்று சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள். இத்தனை வருடம் கையை மடக்கி வைத்திருந்தவர்களுக்கு அரசாங்கமே கம்பு கொடுத்திருந்தது. கனமழைக்கான விசில் ஊதியபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, தம் லத்தியோடு உள்ளே இறங்கினார்.

"இவர் என்ன சார்?" என்று எழுத்தர் கேட்டார். பட்டியலில் எழுத வேண்டியிருந்தது.

"புயல்னு போடுங்க" என்றார் பயிற்சியாளர்.

பள்ளத்துக்காரர் மேட்டுக்காரனின் முதுகிலேயே நின்று பெய்தார். வேறெங்கும் நகரவில்லை. பன்னிரண்டாவது அடியில் வலது பக்க விலா எலும்பு ஒன்று உள்ளே போயிற்று. மேட்டுக்காரன் வாய் திறந்தான்.

விசில் ஊதியது. "மண் கத்தாது" என்றார் பயிற்சியாளர்.

முடிந்ததும் கரும்பலகையில் கணக்கு எழுதினார்கள். வெற்றுமண்ணில் காயம் பதினோரு பேருக்கும், அதில் எலும்பு முறிவு ஐந்து. மூடாக்கில் காயம் ஆறு, முறிவு ஒன்று. பயிற்சியாளரின் முகம் பளபளத்தது.

"இப்ப சொல்லுங்க. மூடாக்கு போட்டா சேதம் குறையுதா இல்லையா?"

"குறையுதுங்க" என்றார் பல் இரண்டு போன ஒருவர், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "இத்தன வருஷமா சொல்றாங்க. இன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு."

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி அவன் விலாவைச் சுற்றிப் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள்.

"அந்த மூணாவது அடி எதுக்கு?" என்று கேட்டான்.

"அது சேத்து வச்சது. மூச்ச இழுத்துப் பிடிங்க."

இரண்டாம் நாள் பாடம், மண் இறுக்கம். ரோலர் நிலத்துக்குள் இறங்கியது. மேட்டுக்காரன் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றான். மச்சான் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், எறங்குங்க."

"ஆர்டர் போட்டிருக்காங்க மாப்ள."

"உங்க தங்கச்சி கையால போட்ட வரப்பு இது."

"அதுக்குத்தான் மெதுவா ஓட்டறேன்."

"என்ன தாண்டித்தான் போகணும்."

"அப்படிச் சொல்லாத மாப்ள, எனக்கு வருத்தமா இருக்கு. இங்க பாரு, ரோலருக்கு பிரேக் வேற சரியில்ல."

மேட்டுக்காரன் படுத்துவிட்டான். பயிற்சியாளர் இயக்குநரிடம் ஓடினார். "சார், நிலம் வழங்குநர் நிலத்துல படுத்திருக்காரு. அவரையும் சேத்து உருட்டினா அளவு தப்பா வரும்." இயக்குநர் யோசித்தார். அளவு தப்பாக வருவதை அவர் எந்தக் காலத்திலும் அனுமதித்ததில்லை. மழைக்குழுவிலிருந்து நான்கு பேரை அனுப்பினார். அவர்கள் மேட்டுக்காரனைக் கால் இரண்டு, கை இரண்டு என்று பிடித்து இழுத்தார்கள். பிரேக் சரியில்லாத ரோலர் வந்துகொண்டே இருந்தது. இழுத்தவர்களில் ஒருவருக்கு இடது காலின் இரண்டு விரல்கள் அதற்கடியில் போயின. எடுத்துப் பார்த்தபோது அவை வெற்றிலை மாதிரி ஆகியிருந்தன.

பயிற்சியாளர் குறித்துக்கொண்டார்: இறுக்கம், மிக அதிகம்.

மத்தியானத்துக்குள் ரோலர் எட்டுத் தடவை போய் வந்தது. நடு வரப்பு தரையோடு தரையாயிற்று. மேல் வரப்பின் ஓரத்தில் திரும்பும்போது ரோலர் அதையும் இடித்ததில், ஒரு கை அகலத்துக்கு விரிசல் விழுந்தது. பொலபொலவென்று உதிர்ந்த மண் இப்போது சிமெண்டுத் தரையாகக் கிடந்தது. பயிற்சியாளர் இரும்புக் குழாயால் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. குழாய் வளைந்தது. புகைப்படக்காரர் வளைந்த குழாயைப் பல கோணங்களில் படமெடுத்தார்.

மேட்டுக்காரனும் மனைவியும் மேல் வரப்பில் போய் நின்றார்கள். மலைச்சரிவின் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து முட்டும். அதை ஓரமாகத் திருப்பி ஓடையில் விடுவதுதான் அந்த வரப்பின் வேலை.

"இது ஒண்ணு நின்னா போதும்" என்றான். "மேல் தண்ணி உள்ள வராது. கீழ போனது போகட்டும், இருக்கற மண்ண வச்சு ரெண்டு மூணு வருஷத்துல மறுபடி கொண்டுவந்துரலாம்."

"இது போச்சுன்னா?"

"பாறைதான். பாறைல என்னத்த வெதைக்கறது."

"விரிசல அடைக்க எத்தன வெட்டு மண்ணு வேணும்?"

"முப்பது வெட்டு. உன் கை ஒண்ணு, என் கை ஒண்ணு, அரை மணி நேரம்."

மண்வெட்டியை எடுத்தபோது விசில் ஊதியது. பயிற்சிக் காலத்தில் பயிற்சி நிலத்தில் பயிற்சி அல்லாத வேலை எதுவும் நடக்கக் கூடாது என்று எழுத்தர் விதியைப் படித்துக் காட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதில் மேட்டுக்காரனின் கையெழுத்தும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, தீயால் மண் கெடுதல். மேட்டுக்காரன் களத்தோரம் போர் போட்டு வைத்திருந்த வைக்கோலையெல்லாம் பரப்பிக் கொளுத்தினார்கள். காற்று மாறியது. பயிற்சியாளரின் புருவமும் புகைப்படக்காரரின் தலைமுடியும் போயின. மூடாக்கைப் பற்றி முந்தாநாள்தான் மனப்பூர்வமாகக் கற்றிருந்த விவசாயிகள், அது எரிவதை நின்று பார்த்தார்கள். தீயணைப்பு வண்டியில் தண்ணீர் இல்லை. முதல் பாடத்துக்கே செலவாகியிருந்தது.

மத்தியானம் மேற்கே வானம் கறுத்தது.

மேட்டுக்காரன் இயக்குநரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். விலா குத்தியதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். அது பணிவாகத் தெரிந்தது.

"சார், கெடுத்துக் காட்டிட்டீங்க. சரி பண்றது எப்பங்க?"

"சரி பண்ணுவது இரண்டாம் கட்டம்."

"அது எப்பங்க?"

"அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை. முதல் கட்டம் வெற்றி என்று அறிக்கை போனால்தான் வரும்."

"போன வருஷமெல்லாம் போகலீங்களா?"

"போகாமல் இருக்குமா? ஐந்து வருடமும் மகத்தான வெற்றி. அவ்வளவு வெற்றி பெற்ற ஒன்றை எதற்காக நிறுத்த வேண்டும், இன்னும் பல இடங்களில் நடத்துங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்."

"அப்ப மழ வருதுங்க. மேல் வரப்புல ஒரு விரிசல் இருக்கு. முப்பது வெட்டு மண்ணுதான். போட்டுட்டு வந்துடறேங்க."

இயக்குநர் வானத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பயிற்சியாளரைக் கூப்பிட்டார்.

"இயற்கை மழை வருகிறது. குழாய்த் தண்ணீர் என்னதான் இருந்தாலும் செயற்கை. வரப்பு இருந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், ஒன்றும் ஆகாது. அதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? அந்த மேல் வரப்பையும் எடுத்துவிடுங்கள். ரோலர் இருக்கிறதல்லவா?"

"இருக்கு சார்."

"வேணாம் சார்" என்றான் மேட்டுக்காரன்.

"இங்கே பாரப்பா. உன் நிலம் என்று நினைக்காதே. உன் நிலத்தை யாருக்குத் தெரியும்? இதைக் கெடுத்தால்தான் அது அறிக்கையில் வரும். நன்றாக இருக்கும் நிலம் எதிலும் வராது. நானே பார், என் சொந்த ஊரில் அப்பா காலத்து நிலம் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு தடவையாவது பயிற்சி நடத்த விட்டிருப்பேனா? அவ்வளவு தியாக மனப்பான்மை எனக்குக் கிடையாது. உனக்கு இருக்கிறது."

மண்வெட்டி மேட்டுக்காரன் கையில்தான் இருந்தது. இரும்பால் அடிக்கலாமா, காம்பால் அடிக்கலாமா என்று அவன் ஒரு நொடி யோசித்தான். காம்பு என்று முடிவு செய்தான். அடி இயக்குநரின் வாயில் விழுந்தது. நாற்காலியோடு மல்லாந்த அவர் செருப்பில், உடம்பில், தலைமுடியில் எல்லாம் மண் ஒட்டியது. இரண்டாவது அடி முழங்காலில். மூன்றாவது அடிக்கு அவன் கை ஓங்கியபோது இயக்குநர் உடைந்த வாயால் சொன்னது தெளிவாகவே கேட்டது.

"நீ மண்குழு. மண் திருப்பி அடிக்காது."

மூன்றாவது அடியும் விழுந்தது.

பயிற்சியாளர் விசில் ஊதினார். மூன்று தடவை. அவர் ஆபத்து என்று சொல்ல நினைத்து ஊதியிருக்கலாம். ஆனால் மழைக்குழு மூன்று நாளாகப் பயிற்சி பெற்றிருந்தது. இருபது பேரும் கம்புகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளத்துக்காரர் முதலில் வந்தார். மேட்டுக்காரன் அவர் மூக்கை உடைத்தான். ஒன்பது வருடப் பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது. பிறகு அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கம்புகள் விழும் சத்தம் மட்டும் வேறு யார் மேலோ விழுவதுபோல் தூரத்தில் கேட்டது. கடைசியில் போலீஸ்காரர் வந்து அவனை இழுத்து வண்டியில் போட்டார். போவதற்கு முன் எழுத்தரிடம் முதல் நாள் கொடுத்த தம் தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வண்டிக்குள் கிடந்தபடி ஒரு கண்ணால் பார்த்தான். இன்னொரு கண் திறக்கவில்லை. ரோலர் புகை விட்டுக்கொண்டு மேல் வரப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் மனைவி நடந்துகொண்டிருந்தாள். மண்வெட்டி அவள் தோளில் இருந்தது.

போலீஸ் நிலையத்தில் லாக்கப் இரண்டு. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. அவனை உள்ளே தள்ளிப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. தகரக் கூரையில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அவன் சுவரில் சாய்ந்து கணக்குப் போட்டான். இந்த வேகத்தில் பெய்தால் கால் மணி நேரத்தில் மலைத் தண்ணீர் மேல் வரப்பை முட்டும். விரிசல் அப்படியே இருந்தால் இன்னொரு கால் மணி. வரப்பே இல்லாவிட்டால் உடனே. ஒரு சாண் மண் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. சேர்க்க ஆன நேரம்தான் தெரியும்.

எழுத்தர் குடையோடு வந்தார். கம்பிக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார். கருத்துப் படிவம் நிரப்பாமல் பயிற்சி முடிந்ததாகக் கணக்கில் வராது.

"பயிற்சி பயனுள்ளதா இருந்துச்சா?"

"மேல் வரப்பு என்னாச்சு?"

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லீங்க. பயனுள்ளது, மிகப் பயனுள்ளது. ரெண்டுதான் இருக்கு."

"என் பொண்டாட்டி எங்க?"

"மிகப் பயனுள்ளதுன்னு போட்டுக்கறேன். கத்துக்கிட்டத மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பீங்களா?"

மேட்டுக்காரன் தன் கையைப் பார்த்தான். விரல் முட்டிகள் நான்கும் பிளந்திருந்தன.

"கொடுப்பேன்" என்றான்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். "இயக்குநர் ஆஸ்பத்திரில இருந்தே அறிக்கைய சொல்லிக்கிட்டிருக்கார். வாயில தையல் போட்டிருக்காங்க, அதனால எழுதிக் காட்டறார். விவசாயிகள்கிட்ட இவ்வளவு ஆர்வத்த இதுவரைக்கும் பாத்ததில்லைன்னு எழுதியிருக்கார். இங்க ஒரு கையெழுத்து."

கம்பி வழியாக நீட்டிய பேனாவை வாங்கி மேட்டுக்காரன் கையெழுத்துப் போட்டான். எழுத்தர் ஒரு சான்றிதழைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டுப் போனார். அவன் அதைக்கொண்டு மூக்கு ரத்தத்தைத் துடைத்தான். காகிதம் வழவழப்பாக இருந்ததால் ஒட்டவில்லை.

மழை விட்டும் கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் நின்றபாடில்லை. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். யாரோ யாரையோ திட்டும் சத்தம். போலீஸ்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். அவர் கன்னத்தில் புதிதாக நான்கு நகக் கீறல்கள் இருந்தன. அவருக்கு முன்னால் மேட்டுக்காரனின் மனைவி வந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு. முன்கையில் ஒரு வெட்டு. அதை அவள் கவனிக்கவில்லை.

"பொம்பளைங்க லாக்கப்ல போடணும்" என்று மேசையில் இருந்தவர் சொன்னார்.

"அதுல இடமில்ல சார். இயக்ககத்தோட துண்டுப் பிரசுரம் அடுக்கியிருக்கு. மண் வளம் காப்போம்னு. கூரை வரைக்கும் இருக்கு."

"அப்ப இதுலயே போடு. புருஷன் பொண்டாட்டிதான."

போலீஸ்காரர் பூட்டைத் திறந்தார். மேட்டுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"பயிற்சிக்காரர்?" என்று கேட்டான்.

"கால் ஒடஞ்சிருச்சு. ஓடையில உருண்டுட்டாரு. விசில் மட்டும் ஊதிக்கிட்டே இருந்தாரு, ஆள் வந்து தூக்கறவரைக்கும்."

"உங்கண்ணன்?"

"ஒரு காதோட இருக்கான். எறங்குடான்னு மூணு தடவ சொன்னேன். ஆர்டர்னான். மேல ஏறிக் கடிச்சுட்டேன்." அவள் வாயைப் புறங்கையால் துடைத்தாள். "ரோலர் ஓடைக்குள்ள கெடக்கு."

அவள் நிலைப்படியில் நின்று, கால் கட்டைவிரலால் மற்றக் காலின் சேற்றை வழித்துவிட்டாள்.

"விரிசல்?" என்றான்.

"முப்பது வெட்டுன்னீங்க. நாப்பத்தாறு ஆச்சு."

"நிக்குதா?"

"நிக்குது."

போலீஸ்காரர் அவள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். அவளுக்குப் பின்னால் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.